மூன்று வீட்டு எருதின் நாலு கால்

கோணக்கொம்பனுக்கு நாலு கால். அந்த நாலு காலும் மூன்று வீட்டுக்குச் சொந்தம்.

போன குளிர்காலத்தில் கூட்டுப்பண்ணை கலைந்து நிலமும் கருவிகளும் வீடுவீடாகப் பிரிந்தபோது, மாடுகளை எப்படிப் பிரிப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஊரில் முப்பத்தொரு வீடு, ஒன்பது மாடு. கடைசியில் சீட்டுக் குலுக்கிக் கால்களைப் பிரித்தார்கள். கோ மான்சாங் வீட்டில் எட்டுப் பேர் சாப்பிட உட்காருகிறார்கள் என்பதால் கோணக்கொம்பனின் முன்னங்கால் இரண்டும் அவருக்குப் போயின. வலது பின்னங்கால், பண்ணைக் குழுவுக்குப் பதினாறு வருடம் தலைவராக இருந்த ஜியா தெயுவானுக்கு. இடது பின்னங்கால் சாய் சியாவ்லிங்குக்கு. கொம்பும் வாலும் பொது. சாணி, அன்றைக்கு மாடு யார் வாசலில் நிற்கிறதோ அவர்களுக்கு.

ஊரில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. "உன் கால் எப்படி இருக்கு?" என்று கிணற்றடியில் ஒருவர் கேட்டால், "குளம்புல கல்லு குத்திடுச்சு, மஞ்சள் தடவியிருக்கேன்" என்று மற்றவர் நிதானமாகப் பதில் சொல்வார்.

கால் கணக்குப்படிதான் முறை. மான்சாங்குக்கு இரண்டு நாள், ஜியாவுக்கு ஒரு நாள், சியாவ்லிங்குக்கு ஒரு நாள். பிறகு மறுபடி முதலிலிருந்து. பொழுது சாயும்போது மாடு கைமாறும். ஜியாவே கைப்பட எழுதி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிய தாளில் ஒரு விதியும் இருந்தது: யார் செய்ததால் மாட்டுக்குக் கெடுதல் வருகிறதோ, அவர் தன் காலை மற்ற வீடுகளுக்கு விட்டுவிட வேண்டும்.

அந்த விதியைத்தான் சியாவ்லிங் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். கோணக்கொம்பன் அவள் வாசலில் படுத்துக் கிடந்தது. நுகத்தடியைப் பார்த்தும் எழவில்லை. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

படுப்பதற்கு இதைவிட மோசமான நாள் கிடையாது. மூன்று நாள் பெய்த மழை ஓய்ந்து இன்று நாலாம் நாள். அந்த மேட்டு மண்ணின் சுபாவம் அப்படி. மாவைப்போல மென்மையான மஞ்சள் மண். தண்ணீரை மடமடவென்று குடிக்கும், காற்றடித்தால் அதே வேகத்தில் விட்டுவிடும். மழை விட்ட ஏழெட்டு நாள்தான் விரல் ஆழத்தில் ஈரம் நிற்கும். கோதுமை அந்த ஈரத்தில் விழ வேண்டும். தவறினால் விதை மண்ணுக்குள் சும்மா தூங்கும், எறும்பு தின்னும். மான்சாங் தன் நிலத்தை விதைத்துவிட்டார். ஜியாவும் விதைத்துவிட்டார். சியாவ்லிங்கின் மூன்றரை மூ, அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேலான மேட்டு நிலம் மட்டும் பாக்கி. மகள் நகரத்துப் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். கணவன் இறந்து நாலு வருடமாகிறது. விதைக்கலப்பையை ஒருத்தியே முன்னால் இழுத்துக்கொண்டு பின்னால் பிடிக்கவும் முடியாது. மற்ற எட்டு மாடுகளிலும் எல்லாக் காலுக்கும் ஆள் இருந்தது. இந்த வாரத்தில் யாரும் வால்மயிரைக்கூட இரவல் தரமாட்டார்கள். இப்போது விதைக்காவிட்டால் அடுத்த கோடையில் அவள் வீட்டில் கோதுமை மாவு கிடையாது. வருடம் முழுக்கச் சோளக்களிதான்.

இத்தோடு இன்னொரு விஷயமும் இருந்தது. நேற்று மாலை ஜியா மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனதும் அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. உடம்பு லேசாக நடுங்கியது. குளிருக்குச் சூடுதானே மருந்து? இஞ்சியையும் காய்ந்த மிளகாயையும் இடித்து, சோளச் சாராயத்தில் கலந்து, மூங்கில் குழாயால் புகட்டிவிட்டாள். மாடு ஒரு நாழிகை தலையை ஆட்டிக்கொண்டு உற்சாகமாக நின்றது. காலையில் படுத்துவிட்டது. சாராய வாடை போக, காடியில் தண்ணீர் கலந்து அதன் வாயை இரண்டு தடவை கழுவினாள். எந்தச் சாப்பாட்டுக்கும் புளித்த காடி ஊற்றிக்கொள்ளும் அந்த ஊரில் காடி வாடை அடிக்காத வாய் ஏது? யாருக்கும் சந்தேகம் வராது.

தகவல் போய், மாட்டு வைத்தியர் லோ வட்டாரக் கால்நடை நிலையத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். கேரியரில் மருந்துப்பெட்டி, அதன்மேல் மூங்கில் குழாய், குழாய்க்குள் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வெங்காயத்தாள். அதற்குள் மான்சாங்கும் ஜியாவும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். படுத்திருப்பது அவர்களுடைய கால்களும்தானே.

"வாங்க டாக்டரம்மா," என்றார் ஜியா. "எங்க வீட்டுல இருந்து கிளம்பினப்போ மாடு நல்லாத்தான் இருந்துச்சு. அதை மொதல்ல எழுதிக்குங்க."

"எங்க வீட்டுல இருந்தப்போ அதைவிட நல்லா இருந்துச்சு," என்றார் மான்சாங்.

"தலைவரே, எழுதுறதுக்கு முன்னால நான் மாட்டைக் கேக்கணும்," என்றாள் லோ. குழு கலைந்தாலும் ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் யாரையும் திருத்தவில்லை.

மாட்டைக் கேட்பதற்கு அவளுக்கு நாலு வழி இருந்தது. கண்ணால் பார்ப்பது, காதாலும் மூக்காலும் அறிவது, வளர்க்கிறவர்களை விசாரிப்பது, கையால் தொடுவது. முதலில் மூக்கு நுனியைப் பார்த்தாள். நல்ல மாட்டுக்கு அங்கே அதிகாலைப் புல்லில் பனிபோல முத்து முத்தாக வியர்த்திருக்கும். கோணக்கொம்பனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பிறகு கொம்பைப் பிடித்தாள். சுண்டுவிரல், மயிர் முடிந்து கொம்பு தொடங்கும் இடத்தில் படும்படி நாலு விரலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

"இங்க வாங்கக்கா, பிடிச்சுப் பாருங்க," என்று சியாவ்லிங்கை அழைத்தாள். "எந்தெந்த விரல்ல சூடு தெரியுது?"

"சுண்டுவிரல்ல கொஞ்சம். மத்ததுல இல்ல."

"ரெண்டு விரல்ல தெரிஞ்சா சரியா இருக்குன்னு அர்த்தம். மூணுல தெரிஞ்சா சூடு ஏறியிருக்கு. நாலுலயும் தெரிஞ்சா காய்ச்சல்தான், சந்தேகமே வேண்டாம். இது ஒண்ணோட நிக்குது. அப்போ உடம்பு குளிர்ந்திருக்கு."

வாலைத் தூக்கி அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். மாட்டுக்கு நாடி ஓடுவது அங்கே. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"வாலு பொது," என்று மான்சாங் ஜியாவின் காதில் முணுமுணுத்தார். "அங்க ஏதாவது கோளாறுன்னா யார் பொறுப்பு?"

"நாடி மெலிசா இருக்கு," என்றாள் லோ. "நூல் மாதிரி ஓடுது. அழுத்தினா காணாமப் போயிடுது." வாயைத் திறந்து நாக்கை இழுத்தாள். அங்கேதான் அவள் முகம் சுருங்கியது. நாக்கின் அடி வெளுப்பு; நீர் தொட்டுக் கழுவிய பீச் மரத்துப் பூவின் இளஞ்சிவப்பு இருக்க வேண்டிய இடம் பழைய துணிபோல் இருந்தது. நுனியும் கன்னத்தின் உட்புறம் இருக்கும் சதைமுட்களும் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

குதிகால் மேல் உட்கார்ந்தாள். "மாடு ரெண்டு விதமா பேசுது. கொம்பும் காதும் குளிருங்குது. நாக்கு நுனி நெருப்புங்குது."

"எதை நம்புறது?" என்று கேட்டாள் சியாவ்லிங்.

"அதுதான் கஷ்டம். சில சமயம் உள்ள நெருப்பு மூண்டு, அது உள்ளயே அடைபட்டு, கை காலுக்குச் சூடு வராமப் போயிடும். அப்போ வெளிய குளிர் பொய், உள்ள நெருப்பு நிஜம். குளிர்ச்சி மருந்து கொடுக்கணும். சில சமயம் உள்ள குளிர்தான் நிஜம், மேல தெரியுற செவப்பு பொய். அப்போ அதே குளிர்ச்சி மருந்தைக் கொடுத்தா, அணையப்போற அடுப்புல தண்ணி ஊத்தின மாதிரி. மாடு தாங்காது." பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். "பார்த்தாச்சு, தொட்டாச்சு. இனி விசாரிக்கிறதுதான் பாக்கி. இதுக்கு யாராவது சூடான சமாச்சாரம் ஏதாவது கொடுத்தீங்களா? இஞ்சி, மிளகு, சாராயம்?"

"நாங்க ஏன் கொடுக்கப்போறோம்?" என்றார் ஜியா.

"தண்ணியும் வைக்கோலும்தான்," என்றார் மான்சாங்.

எல்லோரும் சியாவ்லிங்கைப் பார்த்தார்கள். அவள் மாட்டைப் பார்த்தாள்.

"அப்போ உள்ள நெருப்புன்னுதான் எடுத்துக்கணும்," என்று லோ எழுத ஆரம்பித்தாள்.

சியாவ்லிங்குக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. சொன்னால் கால் போகும். கால் போனால் இனி எந்த மழைக்கும் அவள் நிலத்துக்கு மாடு கிடையாது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் எழுதுகிற மருந்து மாட்டையே கொண்டுபோய்விடும். மாடே போய்விட்டால் காலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நிறுத்தும்மா," என்றாள். "நான் கொடுத்தேன். நேத்து சாயங்காலம். இஞ்சி, மிளகாய், சாராயம். வாயைக் காடி ஊத்திக் கழுவினதும் நான்தான்."

லோ எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைச் சுருட்டி எறிந்தாள். "நல்ல வேளைக்கா. நான் நிஜமாவே தப்பா எழுதிட்டிருந்தேன்."

ஜியா தொண்டையைச் செருமினார். கூட்டுப்பண்ணைக் கூட்டங்களில் பேசிப் பழகிய செருமல். "வருத்தமான விஷயம்தான். ஆனா எழுத்துப்படி இடது பின்னங்கால்..."

"கொஞ்சம் இருங்க தலைவரே." லோ வாசலில் கிடந்த சாணியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். தண்ணீராக, மஞ்சளாக, செரிக்காத வைக்கோல் அப்படியே தெரிந்தது. "சாராயம் நாக்கைச் செவக்க வைக்கும். வயித்தை இப்படிப் போக வைக்காது. இது முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. நேத்துச் சாணி எங்க?"

அது எல்லோருக்கும் தெரியும். சாணி, மாடு நின்ற வாசலுக்குச் சொந்தம். நேற்று மாடு நின்றது ஜியா வாசலில்.

ஜியாவின் எருக்குவியல் ஊரிலேயே அழகானது. ஓரம் சீவி, மேலே மண் தூவி, மழை படாமல் கோரைப்பாய் போர்த்தியிருப்பார். லோ பாயைத் தூக்கினாள், குனிந்தாள், முகர்ந்தாள், சிரித்துவிட்டாள்.

"ரேவல்சின்னி! பேதி மருந்து. எவ்வளவு போட்டீங்க?"

"கொஞ்சம்தான்," என்றார் ஜியா. காது மடல் சிவந்துவிட்டது. "மாடு தின்னாம நின்னுச்சு. உள்ள ஏதோ அடைச்சிருக்கும்னு நெனச்சேன். அடைப்பை எடுத்தா சரியாயிடும்ல? எனக்கே அப்பப்போ..."

"உங்களுக்கு எவ்வளவு போடுவீங்களோ அதை மாதிரி பத்து மடங்கா?"

"மாடு பெருசு இல்லையா."

மான்சாங் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லோ அவர் வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டாக்டரம்மா, எங்க வீட்டுக் குவியல் பழசு, அதுல ஒண்ணும்..."

முந்தாநாள் சாணியில் பச்சைப்பயற்றுத் தோல் மணிமணியாகக் கிடந்தது.

"மாடு மூச்சு வாங்குச்சு," என்றார் மான்சாங் தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு நாள் வெயில்ல உழுதுச்சே, சூடு ஏறியிருக்கும்னு ஒரு வாளி பயத்தங்கஞ்சி ஆறவச்சு ஊத்தினேன். கிணத்துத் தண்ணியில."

"ஒரு வாளிதானா அண்ணே?"

"மூணு."

லோ மான்சாங் வீட்டு அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தாள். மண்ணடுப்பில் பெரிய இரும்புச் சட்டி, அடியில் தணல். மூவரையும் உள்ளே கூப்பிட்டாள். இந்த இடம் வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எப்படி நடந்தது என்பது புரிந்துவிட்டால் அவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"மாட்டு வயிறு இந்தச் சட்டி. அடியில இருக்கிற தணல்தான் செரிக்க வைக்கிறது. அஞ்சு பூதத்துல இதை மண்ணுன்னு சொல்லுவாங்க. ஏன்னா மத்த உறுப்பு எல்லாம் இதுல வெளையுறதைச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழுது. மண்ணு ஓய்ஞ்சா எல்லாம் ஓயும். இப்போ, இந்த அடுப்புல விறகு தீர்ந்துபோச்சு. சட்டி கொதிக்கல. மான்சாங் அண்ணன் வந்து பார்த்தாரு, புகையுதேன்னு மூணு வாளி தண்ணி ஊத்தினாரு. தலைவர் வந்தாரு, கொதிக்கலையே, அடியில அடைச்சிருக்கும்னு சாம்பலோட சேத்து இருந்த தணலையும் வாரிக் கொட்டினாரு. அக்கா வந்தாங்க, குளிர்ந்துபோச்சேன்னு காகிதத்தைக் கொளுத்திப் போட்டாங்க. குப்புன்னு எரிஞ்சுச்சு, அணைஞ்சுச்சு. அந்தச் செவப்புத்தான் நாக்கு நுனியில நான் பாத்தது."

"யாரும் விறகு போடல," என்றாள் சியாவ்லிங் மெதுவாக.

"யாரும் போடல. சரி, விறகு ஏன் தீர்ந்துச்சு? மாட்டைக் கைமாத்துறது பொழுது சாயும்போதுதானே? கொடுக்கிறவங்க தீனி போடுறீங்களா?"

"வாங்குறவங்கதான் போடுவாங்களே," என்றார் ஜியா.

"வாங்குறவங்க எப்போ போடுறீங்க?"

"வந்த உடனே," என்றாள் சியாவ்லிங். "பசியோட வருமே."

"உழுத மாடு மூச்சு தணியுற வரைக்கும் தீனி தின்னக்கூடாது. தின்ன மாடு அசை போட்டு முடிக்கிற வரைக்கும் உழக்கூடாது. இது மூணு வீட்டுக்கும் தெரியும். தனித்தனியா வளர்த்திருந்தா செஞ்சும் இருப்பீங்க. ஆனா முறை வச்சீங்க பாருங்க, அதுல மாடு ஓய்வெடுக்கிற நாள் யாரோட நாள்?"

மான்சாங் விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு என்னுடையது. மூன்று தலைவர். நாலு தங்கச்சி. ஐந்தாவது விரல் நிமிர்ந்து நின்றது. அதற்கு ஆள் இல்லை.

மருந்து எளிமையானது. அதிமதுரம், ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் சுக்கு, முளைகட்டி வறுத்த பார்லி, பெட்டியிலிருந்து இரண்டு வேர்கள். எல்லாம் மெல்லச் சூடேற்றுகிறவை. பற்ற வைத்துவிட்டு ஓடுகிறவை அல்ல. காலை மாலை வெதுவெதுப்பாகப் புகட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. "ஏழு நாள் நுகத்தடி மேல படக்கூடாது," என்று முடித்தாள் லோ.

ஏழு நாள். மூன்று நாளிலேயே காற்று ஈரத்தை எடுத்துவிடும்.

ஜியா மறுபடி செருமினார். இந்தத் தடவை செருமல் பலவீனமாக வந்தது. "எழுத்துப்படி பார்த்தா..."

"எழுத்துப்படி பார்ப்போம் தலைவரே," என்றாள் சியாவ்லிங். "நான் கெடுதல் பண்ணினேன், என் காலை விடணும். நீங்க பண்ணினீங்க, உங்க காலை விடணும். மான்சாங் அண்ணன் ரெண்டு காலையும் விடணும். நாலு காலும் போச்சு. யாருக்கு விடுறது?"

"எனக்கு வேண்டாம்," என்றாள் லோ. "சைக்கிளே போதும்."

"அதனால யாரு காலும் யாருக்கும் வேண்டாம்," என்றாள் சியாவ்லிங். "உங்க காலு வேணும்."

"புரியல," என்றார் மான்சாங்.

"என் முறை மூணு வீட்டுத் தப்பால போச்சு. என் நிலத்துல ஈரம் மூணு நாள் நிக்கும். அண்ணே, முன்னங்கால் ரெண்டும் உங்களது. தலைவரே, வலது பின்னங்கால். கலப்பையில கட்டுங்க. நான் பின்னால நின்னு விதைக்கிறேன்."

உள்ளறையிலிருந்து மான்சாங்கின் மனைவி சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எங்க வீட்டுக்கு ரெண்டு காலு. இன்னொண்ணு நான். கிளம்புங்க, பயத்தங்கஞ்சி வைத்தியரே!"

"எனக்கு இடுப்புல..." என்று ஆரம்பித்தார் ஜியா.

"அடைப்பா இருக்கும் தலைவரே. ரேவல்சின்னி இருக்கா?" என்றார் மான்சாங்.

ஜியா கயிறு எடுக்கக் கிளம்பினார்.

இடது பின்னங்காலுக்கு ஆள் குறைந்தது. அந்தக் கயிற்றை லோ எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அடுத்த ஊர்ல ஒரு கோவேறு கழுதை காத்துட்டிருக்கு. ரெண்டு சால் இழுத்துட்டுப் போறேன்."

விதைக்கலப்பை என்பது பார்க்க எளிது. மேலே விதைப்பெட்டி, கீழே விதை இறங்க உள்ளே துளையிட்ட மூன்று கொழுமுனைகள். பின்னால் நிற்பவர் கைப்பிடியை இடமும் வலமுமாக ஒரே சீராக ஆட்ட வேண்டும். ஆட்டத்துக்குத் தக்கபடி விதை சிதறாமல் கசிந்து இறங்கும். வேகமாக ஆட்டினால் கொட்டும், நிறுத்தினால் வெறும் சால். ஊரில் சியாவ்லிங்கைப் போல ஆட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். முன்னால் மான்சாங்கும் மனைவியும், பின்னால் ஜியாவும் லோவும். முதல் சாலில் நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. இரண்டாம் சாலில் மான்சாங்கின் மனைவி "இடது! வலது!" என்று கூவ ஆரம்பித்த பிறகு ஒழுங்கு வந்தது. மேட்டு முனையில் நின்றபோது ஜியா புகை விடும் அடுப்பாகிவிட்டிருந்தார்.

லோ எட்டி அவர் நெற்றி ஓரத்தை நாலு விரலால் பிடித்துப் பார்த்தாள். "மூணு விரல்ல தெரியுது தலைவரே. மூச்சு தணியுற வரைக்கும் தீனி கிடையாது."

"இதே மாதிரிதானா அதுக்கும் இருக்கும்?" என்றார் ஜியா, மூச்சுக்கு நடுவே.

"எதுக்கு?"

அவர் கயிற்றை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். அன்று மாலை முறை எழுதிய அந்தத் தாளை எடுத்து வந்து, ஐந்தாம் நாள் மாட்டின் நாள் என்று ஒரு வரி சேர்த்தார். அவரே முதலில் கைநாட்டும் வைத்தார்.

லோ சொன்னபடி இரண்டு சால் இழுத்துவிட்டு கழுதையைப் பார்க்கப் போனாள். அவள் இடத்துக்கு மான்சாங்கின் மைத்துனர் வந்தார். விதைத்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மதியம் லோ மறுபடி வந்தபோது, கோணக்கொம்பன் நிலத்தின் ஓரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மூக்கு நுனியில் முத்துகள் நெருக்கமாக இருந்தன. கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறி வந்தது, தாடை பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது. லோ கையை உயர்த்திக் காட்டினாள். கடைசிச் சாலின் நடுவில் எல்லோரும் கயிற்றோடு அப்படியே நின்றார்கள்.

அது எத்தனை தடவை மெல்லுகிறது என்று அவள் உதடு அசைய எண்ணினாள். உருண்டை இறங்கியது.

"நாப்பத்தேழு," என்றாள். "நாப்பது தாண்டினா போதும். அசை போடுது, அடுப்பு எரியுது."

மாடு தன் கால்களுக்குச் சொந்தக்காரர்கள் கயிற்றில் வரிசையாக நிற்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த உருண்டையை வரவழைத்தது.

சியாவ்லிங் குனிந்து சாலில் விரலை விட்டாள். மேலே பொடிமண். ஒரு கணு இறங்கியதும் சில்லென்றது.

"இன்னும் இருக்கு," என்றாள். "இழுங்க."